பூட்டிய தாளும் திறந்துகிடந்த கோப்பும்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பன்னிரண்டு பேர் நாள்தோறும் கைவைக்கும் கணக்குக் கோப்புகளை ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். முதல் மூன்று ஆண்டுகள் எக்செல் என்ற அட்டவணை மென்பொருளிலும் பிறகு அதே வகையைச் சேர்ந்த, இணையவழி இயங்கும் கூகுள் ஷீட்ஸிலும் அந்த வேலை நடந்தது. இரண்டிலும் 'புரொடெக்ட்' (பாதுகாப்பு) என்ற ஒரே சொல் இருவேறு வேலைகளைக் குறிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகு காலம் பிடித்தது. தெரியாமல் நேரும் கைப்பிழையைத் தடுப்பது ஒன்று. பார்க்கக் கூடாதவர் பார்க்காமல் தடுப்பது மற்றொன்று.

எக்செலில் எல்லாச் செல்களும், அதாவது அட்டவணைக் கட்டங்களும், தொடக்கத்திலிருந்தே 'லாக்டு' (பூட்டியது) என்ற குறியுடன்தான் இருக்கும். ஷீட்டைப் பூட்டிய பிறகே அது செயலுக்கு வரும். இதை அறியாமல், பதிவுக்கான செல்களை முன்கூட்டியே விடுவிக்காமல் பூட்டிவிட்டு ஒருநாள் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை யாராலும் ஓர் எண்ணைக்கூட உள்ளிட முடியவில்லை. பொறுமையிழந்த ஒருவர் தரவை வேறொரு கோப்பில் ஒட்டி வேலையைத் தொடர, மாலைக்குள் இரண்டு கணக்குகள் உருவாகிவிட்டன. அவற்றை ஒன்றாக்க இரண்டு நாட்கள் ஆயின.

அந்தப் பூட்டின் வலிமையையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். எக்செல் சேமிக்கும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கி அடக்கிய ஒரு ஜிப் பொதிதான். என் சொந்தக் கோப்பின் பெயரில் விகுதியை ஜிப் என மாற்றிப் பிரித்து, உள்ளே அந்த ஷீட்டுக்குரிய எக்ஸ்எம்எல் என்ற உரைக் கோப்பில் பூட்டைக் குறிக்கும் ஒற்றைக் குறிச்சொல்லை அழித்து மீண்டும் பொதியாக்கினேன். கடவுச்சொல் கேட்காமலேயே ஷீட் திருத்தத்துக்குத் திறந்துகொண்டது. கோப்பைத் திறப்பதற்கென்று வைக்கும் கடவுச்சொல் அப்படிப்பட்டதன்று. 2007 பதிப்பு முதல் அது ஏஇஎஸ் என்ற வலுவான மறைகுறி முறையில் முழுக் கோப்பையும் மறையாக்கம் செய்கிறது. மறந்துவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர முடியாது. சம்பள விவரங்களுக்கு நான் நம்புவது இதை மட்டுமே.

கூகுள் ஷீட்ஸில் எந்தப் பகுதியை யார் திருத்தலாம் என்று ஆள்வாரியாக வரையறுப்பது எளிது. ஆனால் வெறுமனே மறைத்துவைத்த ஷீட்டை, கோப்பைத் திருத்தும் உரிமை உள்ள எவரும் மீண்டும் வெளிக்கொண்டுவரலாம். கோப்பைப் படியெடுத்துக்கொண்டால் பூட்டிய பகுதியிலும் அவர் விருப்பம்போல் திருத்தலாம். ஆகவே இரகசியத் தரவைத் தனிக் கோப்பில் வைத்துத் தேவையானதை மட்டும், வேறொரு கோப்பின் தரவை இழுத்துக் காட்டும் இம்போர்ட்ரேஞ்ச் என்ற ஃபார்முலா வழியாகக் கொண்டுவந்தேன். அதிலும் ஓர் ஓட்டை இருந்தது: ஒருமுறை இணைப்புக்கு அனுமதி தந்தால், பெறும் கோப்பைத் திருத்தக்கூடிய எவரும் ஃபார்முலாவை மாற்றி மூலக் கோப்பின் எந்தப் பகுதியையும் இழுத்துவிடலாம். எனவே, வெளியே போகத் தகுந்தவை மட்டும் உள்ள ஓர் இடைக்கோப்பை நடுவில் வைத்திருக்கிறேன். சற்றே சுற்றுவழிதான், ஆனாலும் இதைவிட எளிய வழி எனக்கு அகப்படவில்லை.

எங்களுக்கு நேர்ந்த பெரிய சேதம் எதுவும் வெளியாட்களால் வந்ததில்லை. நல்லெண்ணத்தோடு ஒருவர் பெயர்ப் பத்தியை (நெடுவரிசையை) மட்டும் அகரவரிசைப்படுத்தியதால், ஒவ்வொரு தொகையும் வேறொருவர் பெயருக்கு நேரே போய் நின்றது. கோப்பின் பழைய நிலைகளைச் சேமித்துவைக்கும் பதிப்பு வரலாறு காப்பாற்றியது. ஆனால் பழைய பதிப்பை அப்படியே மீட்டால் அதன் பிறகு மற்றவர்கள் செய்த நூற்றுக்கணக்கான சரியான பதிவுகளும் பார்வையிலிருந்து போய்விடும் என்பதால், பழைய பதிப்பைத் தனிப் படியாக எடுத்து அந்தப் பத்தியை மட்டும் கொண்டுவந்து ஒட்டினேன். செல்வாரியான திருத்த வரலாறு அன்றாடத்துக்குப் பயன்படுகிறது; இருப்பினும் வரிசைகளைச் சேர்த்ததும் நீக்கியதும் அதில் தெரியாமல் போகலாம் என்பது ஒரு குறையே.

இப்போது 'இணைப்பு உள்ள எவரும்' என்ற பகிர்வை எந்தக் கோப்பிலும் வைப்பதில்லை. திருத்துவோர் பிறரைச் சேர்க்கலாம் என்று இயல்பாகவே இடப்பட்டிருக்கும் குறியையும் எடுத்துவிட்டேன். மாதத்தின் முதல் நாளில் பகிர்வுப் பட்டியலைப் பெயர்பெயராகப் படிக்கிறேன். சென்ற முறை படித்தபோது, ஓராண்டுக்கு முன்பே வேலையைவிட்டுப் போன ஒருவரின் தனிப்பட்ட மின்னஞ்சல் முகவரி திருத்தும் உரிமையோடு அதில் இருந்தது.