முன்னங்கால் செட்டை வாங்கலாம், சார்ட் வேண்டாம்

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் ஒரு லேப் சாமான் கடையில் முதுகெலும்பிகளின் பரிணாமத்துக்கென்று மூன்று சரக்கு கிடைக்கிறது: எட்டு முன்னங்கால் ரெசின் மாதிரிகள், மூன்று மண்டையோடுகள், ஒரு சுவர் சார்ட். அசல் எலும்பில் கோத்த கோழி, முயல் எலும்புக்கூடுகளைத் தனியாக விற்கிறார்கள். விலங்கியல் நடத்தும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் முன்னங்கால் செட்தான் முதல் தேவை.

யூஸ்தெனாப்டெரான் (பழங்கால மீன்), டிக்டாலிக் (மீனுக்கும் நான்குகாலிக்கும் இடைப்பட்டது), அகாந்தோஸ்டெகா (கால் முளைத்த ஆதி நான்குகாலி), தவளை, ஓணான், புறா, வௌவால், முயல் என்ற வரிசை. எல்லாவற்றிலும் மேற்கை எலும்பான ஹியூமரஸ் சிவப்பு; முன்கையின் இரண்டு எலும்புகளில் ரேடியஸ் நீலம், அல்னா மஞ்சள். 38 கோடி ஆண்டுக்கு முந்தைய மீனின் துடுப்பிலும் அதே மூன்று எலும்புகள் இருப்பதை மாணவர் தானே கண்டுபிடித்துவிடுவார், விளக்கவே வேண்டியதில்லை. அகாந்தோஸ்டெகாவுக்கு எட்டு விரல் வைத்திருக்கிறார்கள். மலிவான செட்களில் ஐந்துதான் இருக்கும், அது தவறு. தவளையின் ரேடியோ-அல்னாவில் பாதி நீலம், பாதி மஞ்சள். இரண்டு எலும்பும் ஒட்டிய இடத்துப் பள்ளம் விரலால் தடவினாலே தெரிகிறது. இந்த ஒரு துண்டுக்காகவே செட்டைப் பாராட்டலாம்.

குறை வௌவாலில் இருக்கிறது. அல்னாவை மணிக்கட்டு வரை மஞ்சளில் இழுத்துவிட்டார்கள். உண்மையில் அது முழங்கையருகே ரேடியஸோடு ஒட்டி, பாதி வழியிலேயே மெலிந்து முடிந்துவிடும். கீழ்ப்பாதியில் நீல எனாமல் பூசினால் சரியாகிவிடும்.

மண்டையோடுகளில் தாடை மூட்டின் குவாட்ரேட், ஆர்ட்டிகுலர் எலும்புகளுக்குத் தனி நிறம் கொடுத்திருப்பது நல்ல யோசனை. ஊர்வனவில் தாடையைத் தாங்கிய இவ்விரண்டும் பாலூட்டிகளில் நடுச்செவிக்குப் போய் இன்கஸ், மேலியஸ் என்ற சிறு செவி எலும்புகள் ஆயின. ஆனால் டைமெட்ரோடான் பெட்டியில் 'டைனோசர்' என்று லேபிள் ஒட்டியிருக்கிறார்கள். அது டைனோசருக்குப் பல கோடி ஆண்டு முந்தியது, பாலூட்டிகளின் கிளையைச் சேர்ந்தது. கண் குழிக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரே துளை இருப்பதே சாட்சி. லேபிளைக் கிழித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சார்ட்டை வாங்க வேண்டாம். மீனிலிருந்து மனிதன் வரை ஒரே ஏணியாக அம்பு போட்டிருக்கிறார்கள். டிக்டாலிக்கிலிருந்து அகாந்தோஸ்டெகாவுக்கு நேர் அம்பு. டிக்டாலிக்கின் வயது சுமார் 37.5 கோடி ஆண்டு. போலந்தில் கிடைத்து 2010-ல் வெளியான, நான்குகாலிகளுடையவை என்று கருதப்படும் கால்தடங்களோ சுமார் 39 கோடி ஆண்டுப் பழமையானவை. ஆகவே டிக்டாலிக்கை நேரடி மூதாதை என்று நடத்தக் கூடாது, பக்கக் கிளையாகவே காட்ட வேண்டும். கரும்பலகையில் கிளைமரம் வரைந்துகொள்வது இதைவிட மேல்.

அசல் எலும்பு எடுப்பவர்கள் முயலின் மேல் வெட்டுப்பல்லைப் பாருங்கள். முன்ஜோடிக்குப் பின்னால் ஆணி போன்ற சிறு ஜோடி ஒன்று இருக்க வேண்டும். வேகவைத்து எடுக்கும்போது அது உதிர்ந்துவிடுவது வழக்கம். தொடை எலும்பின் முனைகளையும் பாருங்கள். அங்கே மஞ்சள் கறை தெரிந்தால் கொழுப்பைச் சரியாக எடுக்கவில்லை என்று அர்த்தம். வேலூரின் மே மாத வெயிலில் அது கசிந்து நாறும், வண்டும் வரும். அப்படி ஆகிவிட்டால் கம்பியிலிருந்து கழற்றி, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊறவையுங்கள். நீர் கலங்கும்போதெல்லாம் மாற்ற வேண்டும். தெளிவாகவே நிற்கும் வரை விடக் கூடாது, சில வாரம்கூட ஆகலாம். அதன் பிறகு மருந்துக் கடையின் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் சம அளவு தண்ணீர் கலந்து ஒரு நாள் வைத்து, நிழலில் உலர்த்துங்கள். கொதிக்கவைத்தால் கொழுப்பு எலும்புக்குள்ளேயே இறங்கிவிடும். பிளீச்சிங் பவுடர் எலும்பை அரித்துச் சுண்ணாம்பாக உதிர்த்துவிடும்.

ரெசினுக்கும் வெயில் ஆகாது. ஜன்னலோரம் வைத்தால் வௌவாலின் நீள விரல்கள் வளைந்துவிடும். குடியாத்தம், ஆரணியிலிருந்து வாங்குபவர்கள் பஸ் பார்சலில் போடச் சொல்லாமல் நேரில் போய் அகாந்தோஸ்டெகா பெட்டியைப் பிரித்துப் பார்த்து எடுப்பது நல்லது. விரல் நுனிகள் பெட்டிக்குள்ளேயே ஒடிந்திருப்பதுண்டு. கடையில் காட்டினால் அங்கேயே மாற்றித் தருகிறார்கள்; வெளியே வந்தபின் கேட்டால் தருவதில்லை.