மகனுக்கு மன்னன் பெயர்: அருள்மொழியா, கரிகாலனா, செழியனா, ஆதனா, அதியனா?

ஆண் குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோர் பலர் இப்போது இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தே சொல்கிறார்கள். அரசன் பெயராக இருக்க வேண்டும். அதே வகுப்பில் இன்னொரு பையனுக்கு அந்தப் பெயர் இருக்கக் கூடாது. ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவுகிறது. காரணம், மன்னர் பெயர் என்றதும் நம் நினைவுக்கு வருபவற்றில் பாதி பட்டப்பெயர்கள். ராஜராஜன், ராஜேந்திரன், குலோத்துங்கன் என்பவையெல்லாம் அரியணையோடு வந்தவை. ராஜேந்திரன் தாத்தாக்கள் இல்லாத தெருவே தமிழ்நாட்டில் இருக்காது. ஆனால் அந்தச் சோழனுக்கு முடிசூடுமுன் இருந்த பெயர் மதுராந்தகன். அந்தப் பெயரில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்?

அதனால் பட்டப்பெயரை விட்டுவிட்டு, மன்னனின் இயற்பெயரையும் அவன் குடியின் பெயரையும் தேடுங்கள் என்பதே என் கட்சி. பழமையும் அங்கேதான் இருக்கிறது, அருமையும் அங்கேதான் இருக்கிறது. அப்படித் தேடினால் முன்னால் வந்து நிற்கும் சில பெயர்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்போம்.

அருள்மொழி

985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் ராஜராஜனின் இயற்பெயர். அருமொழி, அருண்மொழி, அருள்மொழி என்று எழுத்து மாறி மாறி வரும். சோழ நாட்டின் ஒரு பகுதிக்கு அருமொழிதேவ வளநாடு என்றே பெயர் இருந்தது. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் இயற்பெயரும் அருண்மொழித்தேவர்தான். ஒரே பெயரில் பெருவேந்தன் ஒருவன், பெரும்புலவர் ஒருவர். இந்த வாய்ப்பு எல்லா மன்னன் பெயருக்கும் அமைவதில்லை.

ஓசை என்று பார்த்தால் இந்த வரிசையில் இதுவே முதலில் நிற்கும். அருள், மொழி இரண்டும் குழந்தைக்குக்கூடப் புரியும் சொற்கள். யாருக்கும் பொருள் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் அரிதானது என்று இனி சொல்ல முடியாது. 1950களில் வார இதழ்த் தொடராக வந்த சோழர் கதை இந்தப் பெயரை வீடு வீடாகக் கொண்டுபோனது. 2022-ல் அதே கதை திரைக்கு வந்தபோது, படிக்காதவர்களுக்கும் பெயர் பழகிவிட்டது. பெண்களுக்கும் அருள்மொழி என்று பெயர் உண்டு. எனக்கு அது குறையாகவே படவில்லை. ஆண்பெயர் என்பது கேட்டவுடனே தெரிய வேண்டும் என்பவர்கள் ‘வர்மன்’ சேர்க்கிறார்கள். சேர்த்ததும் பெயர் பள்ளிப் பதிவேட்டில் மட்டும் இருக்கும். வீட்டில் அருள் என்று சுருங்கிவிடும்.

கரிகாலன்

வீரம் வேண்டும் என்பவர்களின் முதல் தேர்வு. வெண்ணிப் போர், காவிரிக் கரை, பட்டினப்பாலை, பொருநராற்றுப்படை என்று பின்னணிக்குப் பஞ்சமே இல்லை. பெயரின் பொருளில்தான் இரண்டு கட்சி. சிறு வயதில் நெருப்பில் கால் கருகியதால் கரிகாலன் ஆனான் என்பது ஒன்று. பொருநராற்றுப்படையின் இறுதியில் சேர்ந்திருக்கும் வெண்பா ‘கரிகாலன் கால்நெருப் புற்று’ என்று இதைத்தான் சொல்கிறது. கரி என்றால் யானை, யானைகளுக்குக் காலன் என்பது மற்றது. இரண்டாவதைச் சொல்லிப் பெருமைப்படும் பெற்றோரே அதிகம். எனக்கு முதலாவதே சரியாகப் படுகிறது. வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றில் அவனை ‘களிஇயல் யானைக் கரிகால் வளவ’ என்றுதான் விளிக்கிறார். அங்கே கால் இருக்கிறது, காலன் இல்லை. தீயில் வெந்த காலோடு நாட்டை மீட்ட சிறுவன் என்பது, யானைக்கு எமன் என்பதைவிட எவ்வளவோ உயர்ந்த பெயர்க்காரணம்.

இருந்தும் இதை வைக்கத் தயங்குவேன். சினிமாவும் பாட்டும் இதை முரட்டு நாயகனின் பெயராக்கிவிட்டன. அதைவிடப் பெரிய சிக்கல், பள்ளியில் இது ‘கரி’ என்று வெட்டப்படும். நிறத்தை வைத்துப் பிள்ளைகளைச் சீண்டும் நம் ஊரில் அந்த இரண்டெழுத்து ஒரு சிறுவனைப் பன்னிரண்டு வருடம் துரத்தும். வளவன் என்ற பொதுப்பெயரில் அதே சோழன் இருக்கிறான், அதை எடுத்துக்கொள்ளலாம்.

செழியன்

பாண்டியர் குடிப்பெயர். மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றில் உள்ள தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் கல்லில் வெட்டப்பட்டு, இன்றும் வாக்காளர் பட்டியலில் இருக்கும் பெயர் இது.

இது பரவியதற்குத் தெளிவான காரணம் உண்டு. திராவிட இயக்கத்தில் இருந்த இளைஞர்கள் வடமொழிப் பெயரை விட்டுத் தமிழ்ப் பெயர் சூடிக்கொண்ட காலத்தில், நாராயணசாமி நாவலர் நெடுஞ்செழியன் ஆனார். அவர் தம்பி சீனிவாசன் இரா. செழியன் ஆனார். தலைவர்கள் பெயரைத் தொண்டர்கள் தம் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். அதனால் செழியன் என்றதும் பலருக்கு மன்னன் நினைவு வருவதற்கு முன்பே மேடை நினைவு வந்துவிடும்.

ஆனால் தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் செழியனை மறந்துவிடக் கூடாது. காலில் கிண்கிணி கழற்றிய உடனேயே கழல் கட்டிக்கொண்டு போருக்கு வந்தவன்; தாலியைக்கூட இன்னும் களையவில்லை, பாலை விட்டு இன்றுதான் சோறு உண்டான் என்று இடைக்குன்றூர் கிழார் வியக்கிறார். அந்தக் காலத்தில் தாலி என்றால் குழந்தைகளுக்குக் காப்பாக அணிவிப்பது. ஒரு சிறுவனுக்கு வைக்க இதைவிடப் பொருத்தமான அரசன் இல்லை. தமிழில் சொல்ல இனிமை; வெளிமாநிலத்தில் ழகரம் படும் பாடு தெரிந்ததே. அரிது என்ற நிபந்தனையை விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம்.

செங்குட்டுவன், கிள்ளி, சென்னி போன்றவை பெரிய பெயர்கள்தான். ஆனால் குட்டு, கிள்ளு என்று இன்றைய பேச்சுத்தமிழ் அவற்றைக் கேலிக்கு இழுத்துவிடும். நான் தாண்டிப் போகிறேன்.

ஆதன்

நான்கைந்து ஆண்டுகளாகப் பெயர் தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. கீழடிப் பானை ஓட்டில் ஆதன் என்ற பெயர் கிடைத்தது அதற்கு ஒரு காரணம். சேரர் பெயர்களில் இது மீண்டும் மீண்டும் வரும்: நெடுஞ்சேரலாதன், செல்வக்கடுங்கோ வாழியாதன். கரூருக்கு அருகே புகழூர்க் கல்வெட்டு ‘கோ ஆதன் செல்லிரும்பொறை’யில் தொடங்கி மூன்று தலைமுறைச் சேரர்களை வரிசையாகச் சொல்கிறது. ஐங்குறுநூற்றின் முதல் பாட்டே ‘வாழி ஆதன் வாழி அவினி’ என்ற வாழ்த்துதான். நூலின் வாசலிலேயே வாழ்த்துப் பெற்ற பெயர் என்பது சாதாரணப் பேறல்ல.

மூன்றெழுத்து, எளிய ஓசை, எந்த மொழிக்காரருக்கும் நாக்கில் வரும். எல்லாம் சரி. ஆனால் வைப்பவர்கள் அறிந்தே வைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பிற்காலத் தமிழில் ஆதன் என்ற சொல்லுக்கு அறிவிலி, குருடன் என்ற பொருள்கள் ஏறிவிட்டன. பக்திப் பாடல்களில் ‘ஆதர்’ என்றால் அறிவில்லாதவர்கள். அகராதியைப் புரட்டும் எவர் கண்ணிலும் இது படும். சங்ககாலச் சேரனுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்லலாம்தான். ஆனால் அந்த விளக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறவன் பெயர் வைத்தவரல்ல, பெயரைச் சுமப்பவன். ஆங்கில எழுத்தில் வேறொரு குழப்பமும் உண்டு: இசுலாமியரின் தொழுகை அழைப்பான அதானையும் கிட்டத்தட்ட இதே எழுத்துக்கூட்டில்தான் எழுதுகிறார்கள்.

அதியன்

இந்த வரிசையில் என் வாக்கு இதற்குத்தான்.

அதியர் தகடூரை ஆண்ட குடி, இன்றைய தருமபுரி. அவர்களில் நாம் நன்கு அறிந்தவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனைக் குறுநில மன்னன் என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடுவதால், அரசப் பெயர் தேடுகிறவர்கள் மூவேந்தரோடு நின்றுவிடுகிறார்கள். கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததைச் சொல்லும்போது, தம் எல்லைக்கு அப்பால் உள்ள அரசுகளாகச் சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் என்று வரிசைப்படுத்துகிறார். அந்தச் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். 1981-ல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் ஒரு குகைக் கல்வெட்டு கிடைத்தது. ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’, அதாவது சதியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம். ஒரே வரி. வாதம் முடிந்தது. அசோகர் காலத்தில் சோழ பாண்டியரோடு சமமாக எண்ணப்பட்ட குடி அதியர் குடி என்று அந்தப் பாறை சொல்கிறது.

பெயருக்குப் பின்னால் இருக்கும் மனிதனும் அப்படித்தான். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தவன் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது புறநானூற்றின் 101-ஆம் பாட்டு. ஒருநாள் அல்ல, இருநாள் அல்ல, பல நாள் பலரோடு திரும்பத் திரும்பப் போனாலும் முதல் நாள் போன்ற விருப்பத்தோடு வரவேற்பான் என்கிறார் ஔவை. ‘தலைநாள் போன்ற விருப்பினன்’ என்ற சொற்கள், அரசர் புகழைக் கல்லில் பாடும் எந்த மெய்க்கீர்த்தியிலும் இல்லாத புகழ். வீரத்துக்கும் குறைவில்லை. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் என்று அவனைக் காட்டிப் பகைவரை எச்சரிக்கிறார் அவர்.

பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்கள் படிக்க வேண்டிய பாடல்கள் இன்னும் இரண்டு, இரண்டும் இவன்மேல் ஔவை பாடியவை. போர்க்கோலத்தோடு வந்து, பிறந்த மகனைப் பார்க்கிறான். பகைவரை நோக்கிச் சிவந்த கண், மகனைப் பார்த்த பிறகும் சிவப்பு மாறவில்லை என்கிறது நூறாம் பாட்டு. 92-ஆம் பாட்டில் அதே புலவர், யாழிசைக்கும் ஒவ்வாது, பொருளும் விளங்காது, ஆனாலும் தந்தையர்க்கு அருள் சுரக்கவைப்பது புதல்வர் மழலை என்கிறார். அந்த மகன் பொகுட்டெழினி. எழினி என்பதை இப்போது பெண் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள். ஒலி அப்படி அமைந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. அதியன் என்பதைக் குறிலில் தொடங்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் பாதிப் பேர் ‘ஆதியன்’ என்று நீட்டுவார்கள். அதியமான் என்று முழுதாக வைத்தால் ஆளைத் தெரியும்; ஆனால் ஒரு குழந்தையை அழைக்க நீளம், அது பட்டம் போலவும் ஒலிக்கும். அஞ்சி என்பதை இன்று யாரும் வைக்கப்போவதில்லை, அச்சம் என்றே காதில் விழும். அதியன்தான் அளவானது. ழகரமும் இல்லை, கேலிக்கு இடம் கொடுக்கும் வெட்டும் இல்லை, சாதிச் சாயலும் ஏறவில்லை, அகராதியில் ஒளிந்திருக்கும் தவறான பொருளும் இல்லை. தருமபுரிப் பக்கத்தைத் தாண்டினால் ஒரு பள்ளியில் இரண்டு பேர் இருப்பது அபூர்வம்.

அருள்மொழிக்கும் அதியனுக்கும் நடுவே தடுமாறுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். எழுதிப் பார்க்கும்போது அருள்மொழி வெல்லும், உரக்கக் கூப்பிடும்போது அதியன் வெல்லும். பெயரை எழுதுவதைவிட எத்தனையோ மடங்கு கூப்பிடப் போகிறோம் என்பதால் நான் இரண்டாவதன் பக்கம் நிற்கிறேன்.

முடிவெடுக்க அவசரமும் இல்லை. பிறப்பைப் பதிவு செய்தபின், ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் குழந்தையின் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் சேர்த்த பெயரை மாற்றுவது பெரும்பாடு. ஆகவே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டை முடிவுசெய்த பிறகே விண்ணப்பத்தில் எழுதுங்கள். அதியன் என்றால் ஆங்கிலத்தில் தொடக்கத்தில் ஒற்றை ‘ஏ’, ஆதன் என்றால் இரட்டை ‘ஏ’. ஆதார், பள்ளிச் சான்றிதழ், கடவுச்சீட்டு மூன்றிலும் அதே எழுத்துகள் வரும்படி முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.