சாண்டோஸ்டேட்டின் எல்ஏஆர் மாத ஊசி: மருந்து சரி, கலப்பதுதான் பாடு

நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1 (நரம்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோய்) உள்ள குழந்தை வயதுக்கு மீறி உயர்ந்தால், வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டியோ என்றுதான் முதல் சந்தேகம் வரும். பெரும்பாலும் அங்கே கட்டி இருக்காது. எம்.ஆர்.ஐ.யில் பார்வை நரம்புப் பாதையில் கிளையோமா என்ற கட்டி தெரியும். பிட்யூட்டரி இயல்பாக இருந்தும் வளர்ச்சி ஹார்மோன் மிகுந்திருக்கும். வெட்டியெடுக்க அடினோமாவே (பிட்யூட்டரிக் கட்டி) இல்லாத இந்த நிலையில்தான், வளர்ச்சி ஹார்மோனை அடக்கும் ஆக்ட்ரியோடைட் கைகொடுக்கிறது; சாண்டோஸ்டேட்டின் எல்ஏஆரில் இருக்கும் மருந்து அதுதான். முன்கூட்டியே வரும் பூப்பும் இதே கிளையோமாவால் உயரத்தைக் கூட்டும் என்பதால், அதையும் பார்த்த பிறகே ஊசிக்குப் போக வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் மிகுதிக்கு இந்த மாத ஊசிக்கு உள்ள அனுமதி பெரியவர்களின் அக்ரோமெகலிக்குத்தான் (பெரியவர்களில் அந்த ஹார்மோன் மிகுவதால் வரும் நோய்). குழந்தைக்குப் போடுவது நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் தனி முடிவு.

10, 20, 30 மி.கி. அளவுகளில் வருகிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக 20 மி.கி., 4 வாரத்துக்கு ஒருமுறை; 3 மாதம் கழித்து ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோனின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்து மாற்றுவார்கள்.

குறை முழுக்கப் பெட்டிக்குள் இருக்கிறது. குப்பியில் தூள், சிரிஞ்சில் 2 மி.லி. கரைப்பான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் குறைந்தது 30 நிமிடம் வெளியில் வைக்க வேண்டும். கரைப்பானைச் செலுத்தியபின் 5 நிமிடம் அசைக்காமல் விட்டு, தூள் முழுக்க நனைந்தபின் கிடைவாக்கில் 30 விநாடி மிதமாகக் குலுக்க வேண்டும். அவசரத்தில் அந்த 5 நிமிடத்தை விழுங்கிவிட்டால் அடியில் கட்டி தட்டும், ஊசி அடைக்கும், மருந்தும் குறையும். கலந்ததும் உடனே போட்டுவிட வேண்டும். வைத்திருந்தால் துகள் படியும். பிட்டத் தசையில் மட்டும், மாதம் ஒரு பக்கமாக. அங்கே நியூரோஃபைப்ரோமா (இந்த நோயில் வரும் நரம்புக் கட்டி) இருந்தால் அதைத் தொடாத இடமாகப் பார்க்கச் சொல்லுங்கள். பழகிய செவிலியர் இல்லாத ஊரில் இந்தப் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த ஊருக்கு இதே வகையைச் சேர்ந்த லான்ரியோடைட் என்ற மருந்து பொருந்தும். அதன் ஊசியான சோமாட்டுலின் ஆட்டோஜெல் நிரப்பிய சிரிஞ்சாகவே வருவதால் கலக்கும் வேலை இல்லை. 30 நிமிடம் வெளியில் வைத்து, பிட்டத்தில் தோலடியில் ஆழமாக, மெதுவாக அழுத்தினால் போதும். வேலை செய்யும் விதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

இரண்டுமே பித்தப்பையில் கல் சேர்க்கக்கூடும். தொடங்கும் முன்பே வயிற்று ஸ்கேன் எடுத்து வையுங்கள். முதல் வாரங்களில் வயிற்றோட்டம் சகஜம். சர்க்கரை ஏறலாம், நாடித்துடிப்பு குறையலாம். வகை 1 நோயில் ஃபியோகுரோமோசைட்டோமாவும் (இரத்த அழுத்தத்தை ஏற்றும் அட்ரினல் சுரப்பிக் கட்டி) வரக்கூடும் என்பதால் ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் பார்ப்பது வீண்வேலை அல்ல.

இந்தக் குழந்தைகளில் வளர்ச்சி ஹார்மோன் மிகுதி சில ஆண்டுகளில் தானே அடங்குவதும் உண்டு. அதனால் முதல் ஊசியன்றே, எப்போது நிறுத்திப் பார்ப்பீர்கள் என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நிறுத்திய மறுவாரமே ஐஜிஎஃப்-1 எடுத்தால் தெரிவது மிச்சமிருக்கும் மருந்தின் வேலைதான். 8 வாரமாவது போகட்டும்.