டிஃப்ளாம் வாய்க்கழுவி: லிம்போமா சிகிச்சையில் எவ்வளவு உதவும்?

நாக்கிலோ அண்ணத்திலோ லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) வந்தவருக்குக் கீமோ தொடங்கியதும் வாய் புண்ணாகலாம். அதற்குச் சிங்கப்பூர் மருந்தகங்களில் கிடைக்கும் டிஃப்ளாம் நல்ல துணைதான். ஆனால் நோய்க்கு மருந்தல்ல. இதிலுள்ள வலி, வீக்கம் குறைக்கும் மருந்தான பென்சிடமின் 0.15 சதவீதம்.

15 மில்லி ஊற்றி, அரை நிமிடம் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. எரிந்தால் அதே அளவு தண்ணீர் கலக்கலாம். சாப்பாட்டுக்குச் சற்று முன் கொப்பளித்தால் கஞ்சி இறங்கும். நாக்கு மரத்துப்போவதால் சூடு தெரியாது. கோப்பிக்கடைக் கோப்பியை உடனே வாயில் வைத்தால் வெந்துவிடும்! லேபிளில் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், புண்ணுக்கு அது ஆகாது. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் மருந்தாளரைக் கேட்காமல் தொடக் கூடாது.

லிம்போமாவின் வகையையும் சிகிச்சையையும் பொறுத்துப் பலன் ஆளுக்கு ஆள் மாறும். வாயில் அதிகம் காணப்படும் பெரிய பி செல் வகைக்கு ஆர்-சாப் என்ற கூட்டு மருந்துக் கீமோ வழக்கம். ஆசியர்களிடம் கூடுதலாக வரும் என்கே/டி செல் வகை அண்ணத்தைத் துளைத்துவிடக்கூடும். அதற்குக் கதிர்வீச்சும் சேரும்போது புண் கடுமையாகும். பென்சிடமினின் பயனுக்கு ஆதாரம் வலுவாக இருப்பதும் கதிர்வீச்சுப் புண்ணில்தான். 

நோய் தெரியுமுன் டிஃப்ளாமை வைத்து நாள் கடத்துவதுதான் ஆபத்து. லிம்போமா வீக்கம் பெரும்பாலும் வலிக்காது. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணுக்குத் திசுப் பரிசோதனைதான் வழி. அதற்கு முன் ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் கட்டி சுருங்கி முடிவு குழம்பும். பாலிகிளினிக் பரிந்துரையோடு தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்குப் போனால் மானியமும் கிடைக்கும்.