அனுப்பு பொத்தான் அசையவில்லையா? கேச் அழிப்பா, இன்காக்னிட்டோவா?

பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து, நீளமாக ஒரு கடிதம் அடித்து முடித்து, ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. யாரிடம் கேட்டாலும் உடனே வரும் யோசனை, “கேச், குக்கீ எல்லாத்தையும் அழிச்சிடுங்க” என்பதுதான். கேச் என்பது பிரவுசர் சேமித்துவைக்கும் பக்கக் கோப்புகள்; குக்கீ என்பது நீங்கள் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் சிறு தரவு. என்னைக் கேட்டால் அவற்றை அழிப்பது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

எதைத் தொடுவதற்கு முன்பும், எழுதியதை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிவையுங்கள். ஜிமெயில் வரைவைத் தானாகச் சேமிக்கும். ஆனால் பொத்தானே இயங்காத பக்கத்தில் அந்தச் சேமிப்பும் நின்றுபோயிருக்கலாம்.

முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சாதாரண ரீலோடு பழைய கோப்புகளையே மறுபடி எடுத்துக்கொள்ளக்கூடும். இது சர்வரிலிருந்து புதிதாக இறக்கும். நாள்கணக்கில் மூடாமல் வைத்திருக்கும் டேபுக்கு இதுவே பெரும்பாலும் போதும். அங்கே பக்கத்தை இயக்கும் பழைய நிரல் (ஜாவாஸ்கிரிப்ட்) ஓடிக்கொண்டிருக்கும், சர்வரோ அதற்குள் மாறியிருக்கும்.

சரியாகவில்லை என்றால் இன்காக்னிட்டோ, அதாவது பிரவுசரின் தனிப்பட்ட சாளரம். குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என்; ஃபயர்ஃபாக்ஸில் என்னுக்குப் பதில் பி. கேச் அழிப்பை விட இதை நான் மேலாக நினைப்பதற்குக் காரணம், இதில் எதையும் இழக்க வேண்டியதில்லை. அந்தச் சாளரத்தில் பழைய குக்கீ இருக்காது. நீங்களே அனுமதித்திருந்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) ஓடாது. அங்கே பொத்தான் வேலை செய்தால் கோளாறு உங்கள் பிரவுசருக்குள்தான். ஆனால் எக்ஸ்டென்ஷனா, குக்கீயா என்று அது பிரித்துச் சொல்லாது. அதற்குப் பழைய சாளரத்துக்கு வந்து எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். விளம்பரத் தடுப்பான், இலக்கணத் திருத்தி, மொழிபெயர்ப்பான் ஆகியவற்றை முதலில். இவை பக்கத்துக்குள் புகுந்து வேலை செய்பவை.

எக்ஸ்டென்ஷன் காரணமில்லை என்று தெரிந்த பிறகுதான் அழிப்பு. அப்போதும் முழுதாக வேண்டாம். கேச்சில் படங்களும் கோப்புகளும் மட்டுமே. அது போனால் பக்கம் ஒரு முறை மெதுவாகத் திறக்கும், அவ்வளவுதான். குக்கீயை மொத்தமாக அழித்தால் கிட்டத்தட்ட எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேறிவிடுவீர்கள். பாஸ்வேர்டு மறந்த பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி! முகவரிப் பட்டையின் இடப்பக்கக் குறியைத் தட்டினால் அந்த ஒரு தளத்தின் தரவை மட்டும் நீக்க வழி இருக்கிறது.

வேறு பிரவுசரில் பார்ப்பதும் நல்ல சோதனைதான். ஆனால் குரோமுக்கு மாற்றாக எட்ஜைத் திறந்தால் பாதிதான் தெரியும். இரண்டுக்கும் குரோமியம் என்ற ஒரே மென்பொருள்தான் அடித்தளம். ஃபயர்ஃபாக்ஸின் எஞ்சின் வேறு.

கடிதம் இப்போதே போயாக வேண்டுமா? ஜிமெயிலில் கண்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்துங்கள். கடிதம் போய்விட்டால், மவுஸ் கிளிக் மட்டும் பொத்தானை எட்டவில்லை என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பெட்டி அதன்மேல் படர்ந்திருக்கலாம். ஜூமை 100 சதவீதத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

எல்லாப் பிரவுசரிலும் இதே கதை என்றால், கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்துச் சோதியுங்கள். அதில் வேலை செய்தால் அலுவலக நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரிடம் இந்த ஒரு தகவலைச் சொல்லுங்கள். எங்கே தேட வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிடும்.