கனடாவில இருந்து வந்த குளூட்டன் இல்லாத மா: கேக்குக்கு ஓம், பாணுக்கு வேண்டாம்

அக்கா ஓகஸ்ட் லீவுக்கு ரொறன்ரோவில இருந்து வரேக்க சூட்கேசுக்குள்ள வழக்கமா வாற சொக்லேட், சோப் ஒண்டையும் பெரிசாக் காணேல்லை, 4 பக்கற் மாதான் கிடந்தது. நெல்லு விளையிற கிளிநொச்சிக்கு கனடாவில இருந்து அரிசிமா காவிக்கொண்டு வந்த முதல் ஆள் நீதான் பிள்ளை எண்டு அம்மா இப்பவும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. விசயம் என்னெண்டா பெறாமகளுக்கு சீலியாக் வருத்தம். கோதுமை, பார்லி, றை இந்த மூண்டிலயும் இருக்கிற குளூட்டன் வயித்துக்க போனா அவவின்ர உடம்பே தன்ர சின்னக்குடலைத் தாக்கும், குளிசை போட்டு அடக்கேலாது, வாழ்நாள் முழுக்க அதைச் சாப்பிடாமல் இருக்கிறதுதான் வைத்தியம். பிள்ளையின்ர 9வது பிறந்தநாள் இஞ்ச நிக்கேக்க வருது, சித்தி எனக்கு கேக் செய்வீங்களா எண்டு போனிலயே கேட்டிட்டா. அதால 3 கிழமையா இந்த மாவோட மல்லுக்கட்டினனான், உங்கட வீட்டுக்கும் ஆரும் உப்பிடிப் பக்கற் கொண்டு வந்தா இதை ஒருக்கா வாசிச்சுப்போட்டு உடையுங்கோ.

முதல் கடையில ஓடர் குடுப்பம் எண்டுதான் போனனான். குளூட்டன் இல்லாத கேக் செய்வியளோ அண்ணை எண்டு கேக்க, ஓம் ஓம் தாராளமாச் செய்யலாம் தங்கச்சி, முட்டை போடாமல் விடுவம் எண்டார். முட்டையில பிரச்சினை இல்லை அண்ணை, மாவிலதான் எண்டன். அப்ப ஆட்டா மாவில செய்து தாறன் எண்டார். ஆட்டாவும் கோதுமைதானே, நல்ல மனுசன், ஆனா நான் அந்தளவில திரும்பி வந்திட்டன்.

இனி பக்கற்றுக்கு வருவம். கோதுமை மா ஒரு கப் போடுற இடத்தில இதுவும் ஒரு கப் போடலாம் எண்டு முன்னுக்கு எழுதிக் கிடக்கு. பின்னுக்குத் திருப்பிப் பாத்தா உள்ளுக்க இருக்கிறது வெள்ளை அரிசிமா, தவிட்டரிசி மா, உருளைக்கிழங்கு மாப்பொருள், மரவள்ளி மாப்பொருள், சாந்தன் கம், அவ்வளவுதான். கடைசியா இருக்கிற அந்தக் கம்தான் சூட்சுமம். கோதுமை மாவைக் குழைக்க இழுபடுதெல்லோ, அந்த இழுவைதான் குளூட்டன், பாண் பொங்கேக்க காத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறதும் அதுதான், அது இல்லாத மாவுக்கு இந்தக் கம் ஒரு பசை மாதிரி நிக்கும். மற்றபடி எங்கட அரிசிமாதான், 8 டொலர் குடுத்து வேண்டி, அதுவும் 8 டொலர் எண்டா எங்கட காசுக்கு 1,500 ரூபாய்க்கு மேல.

முதல் கேக், 250 கிராம் பட்டர், 250 கிராம் சீனி, 250 கிராம் இந்த மா, 5 முட்டை, வழக்கமான பட்டர் கேக் கணக்கு. நிறம் வடிவு, பொங்கினதும் வடிவு, ஆனா வாயில வைச்சா மணல் கடிபட்ட மாதிரி நறநறக்குது, அம்மா ஒண்டும் சொல்லாமல் தேத்தண்ணியில தோய்ச்சுச் சாப்பிட்டா, அதிலயே விளங்கீட்டுது. பேந்துதான் யோசிச்சன், அரிசிமா தண்ணியை மெதுவாத்தானே குடிக்கும், அப்பத்துக்கு ஊற விடுறம், இதுக்கு மட்டும் ஏன் அவசரப்படுறம் எண்டு. அடுத்த முறை கலவையை அடிச்சு அரை மணித்தியாலம் மூடி வைச்சிட்டுத்தான் ரின்னில ஊத்தினனான், 170இல 50 நிமிசம், என்ர மேசை ஓவனுக்கு மேல்கம்பி கெதியாக் கருக்கும் எண்டபடியா அரைவாசியில ஃபொயில் போட்டு மூடினன். இந்த முறை நறநறப்பு இல்லை, வெட்டேக்க உதிரவும் இல்லை. சொல்லாமல் வைச்சா ஒருதருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே குறை, மற்ற நாளே காஞ்சு போகும், துண்டு துண்டா வெட்டி பிறீசரில போட்டிட்டு வேண்டியதை மட்டும் எடுங்கோ. பேக்கிங் பவுடரையும் பாத்து வேண்டுங்கோ, சிலதில கோதுமை மாப்பொருள் சேர்த்திருப்பாங்கள்.

பாண் கதைதான் கேவலம். வழக்கமாக் குழைக்கிற மாதிரிக் குழைச்சா கைக்குள்ள சீமெந்து மாதிரி ஒட்டுது, உருட்டேலாது, எப்பிடியோ வழிச்சு ரின்னில போட்டு வைச்சா பொங்குது, பாக்க ஆசையாத்தான் கிடந்தது, ஓவனுக்குள்ள போய் இருவது நிமிசத்தில கறன்ட் போட்டுது, திரும்ப வந்து எடுத்துப் பாத்தா நடு அப்பிடியே இறங்கி, வெட்டினா மேல் தோல் வேற, உள்ளுக்க களி வேற, ரெண்டுக்கும் நடுவில விரல் விடலாம் போல ஓட்டை. கறன்டிலதான் பிழை எண்டு நினைச்சு மற்ற நாளும் போட்டனான், அதே ஓட்டை. ரெண்டாவது பாணும் கோழிக்குப் போனாப்பிறகுதான் பக்கற்றின்ர அடியில எறும்பு எழுத்தில கிடந்ததை வாசிச்சன், ஈஸ்ற் போடுற பாணுக்கு இந்த மா உகந்ததில்லையாம். உதை முன்னுக்குப் பெரிசாப் போட்டிருக்கலாம். இதுக்கு நான் ஒரு புள்ளி குறைக்கிறன்.

அதுக்குப் பிறகு எங்கட மாவிலயே செய்தன். 300 கிராம் வறுக்காத பச்சையரிசி மா, ரெண்டு தரம் அரிச்சது, 100 கிராம் கோன்ஃப்ளவர், ஒரு சின்னப் பக்கற் ஈஸ்ற், உப்பு, சீனி, அதோட பாமசியில மலச்சிக்கலுக்கு விக்கிற இசப்பகோல் 20 கிராம். இசப்பகோலை முதல் 400 மில்லிலீற்றர் தண்ணியில போட்டு வையுங்கோ, 10 நிமிசத்தில நுங்கு வழுக்கல் மாதிரி வரும், அதுக்குள்ளதான் மாவைக் கொட்டிக் கரண்டியால அடிக்கிறது, கையால குழைக்கிற வேலையே இல்லை. ஒருக்காப் பொங்கினாக் காணும், 200இல ஒரு மணித்தியாலம். எடுத்த சூட்டோட வெட்டிப் போடாதேங்கோ, ரெண்டு மணித்தியாலம் பொறுக்காட்டி உள்ளுக்க களியாத்தான் இருக்கும். றோஸ்பாண் எண்டு சொல்லமாட்டன், ஆனா சம்பலும் பருப்பும் வைச்சு பெறாமகள் 3 துண்டு சாப்பிட்டவ. கொஞ்சம் குரக்கன் மா சேர்த்தா நிறமும் மணமும் இன்னும் நல்லம். ஒடியல் மாவும் போட்டுப் பாத்தனான், ஓவனைத் திறக்க வீடு முழுக்கக் கூழ் மணம், பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியால ஓடீட்டா.

ஆனா மாவை விடப் பெரிய தலையிடி குசினிதான். எங்கட புட்டில, இடியப்பத்தில பாதிக்குப் பாதி அவிச்ச கோதுமை மா, தோசைக்கும் உழுந்தோட ஒரு பிடி கோதுமை மா, பெருங்காயத்தில கூட கோதுமை மா சேர்க்கிறாங்கள். கனடாவில ஒரு கிலோ சாப்பாட்டில 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருந்தா குளூட்டன் இல்லாதது எண்டு போடேலாது, அப்பிடிப் பாத்தா அந்த அளவைத் தாண்ட புட்டு அவிக்கிற எங்கட நீத்துப்பெட்டி ஒண்டே காணும். அக்கா அதைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சுக் காட்டினவ, ஓலைப் பின்னலுக்கு இடையில எத்தினை வருசத்து மா வெள்ளையா இறுகிக் கிடக்குது, ஊசியால கிண்டினாலும் வராது. சந்தையில புதுசு ஒண்டு வேண்டினனாங்கள், அரிதட்டும் புதுசு, ரெண்டுக்கும் சிவப்பு நூல் கட்டி விட்டாச்சு. மில்லிலயும் எங்கட அரிசிக்கு முன்னம் என்ன அரைச்சது எண்டு கேட்டா பெடியன் உழுந்து எண்டுறான், பேந்து ஆட்டா எண்டுறான், கடைசியில அம்மா மூலையில கிடந்த உரலைக் கழுவி வைச்சு இடிச்சுத் தந்தவ, இடுப்பு நோகுதெண்டு மூண்டு நாள் புறுபுறுப்பு.

பிறந்தநாளுக்கு அந்தப் பக்கற் மாவிலதான் கேக். முதல்தரமா ஒரு பாட்டியில எல்லாப் பிள்ளையளோடயும் சேர்ந்து ஒரே கேக்கைச் சாப்பிட்டவவாம், அக்கா பேந்து குசினிக்குள்ள வந்து சொன்னவ. அந்தக் கேக்குக்காக மாவுக்கு 5இல 4 புள்ளி குடுக்கலாம், பாணுக்கு எண்டு கேட்டா 1 கூடக் குடுக்கமாட்டன். அடுத்த முறை வரேக்க மா தூக்காதை, சாந்தன் கம் மட்டும் ஒரு சின்னப் பக்கற் கொண்டு வா, கேக்குக்கு ஒரு கப் மாவுக்குக் கால் தேக்கரண்டி போட்டாலே காணும் எண்டு சொல்லி விட்டிருக்கிறன். மிச்சம் ஒரு பக்கற் உடையாமல் அலுமாரியில கிடக்கு, அம்மா அதில பயித்தம் பணியாரம் சுட்டா என்ன எண்டு கேட்டுக்கொண்டு திரியிறா.