ஹைசாக்ஸ் 250 எம்: ஐந்து ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பெய்கிற மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு மேலே வழிந்தோடும் என்று கணக்குப் போடுவதுதான் என் அன்றாட வேலை. அதற்கு நிலத்தில் என்ன இருக்கிறது என்பதும், அடியில் எந்த மாதிரி மண் என்பதும் தெரிய வேண்டும். முதலாவதைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்துவிடலாம். மண்தான் பெரும்பாடு. பல நாடுகளில் விரிவான மண் ஆய்வே இல்லை. இருக்கிற இடத்திலும் ஆளுக்கொரு வகைப்பாடு. அதனால்தான் 2018-இல் வெளியான ஹைசாக்ஸ் 250 எம் என்ற இந்த உலக மண் வரைபடத்தைக் கையில் எடுத்தேன். ஐந்து ஆண்டுகளாக விடாமல் பயன்படுத்துகிறேன்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தின் தரவு மையத்தில் இது இலவசமாகக் கிடைக்கிறது. நிலப்பரப்பைச் சுமார் 250 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து கொடுத்திருக்கிறார்கள். ஏ என்றால் மணல். தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும். டி என்றால் களி, அல்லது சிறிது தோண்டினாலே பாறை தட்டுகிற இடம். அமெரிக்க மண் பாதுகாப்புச் சேவை 1950-களில் உருவாக்கிய கர்வ் நம்பர் முறைக்கு, அதாவது மண்ணுக்கும் நிலத்துக்கும் ஏற்ப ஓர் எண் கொடுத்து வழிந்தோடும் நீரைக் கணக்கிடும் முறைக்கு, இந்த எழுத்துதான் ஆதாரம்.

ஓர் எழுத்து என்று லேசாக நினைத்துவிட வேண்டாம். நன்றாகப் புல் மூடிய மேய்ச்சல் நிலத்தில் 100 மி.மீ. மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண் ஏ என்றால் கர்வ் நம்பர் 39. வழிந்தோடுவது வெறும் 1 மி.மீ. பி என்றால் 61. சுமார் 20 மி.மீ. சி என்றால் 74, 39 மி.மீ. டி என்றால் 80, 51 மி.மீ. அதே மழை, அதே புல். மழையளவைத் துல்லியமாக்க நாள்கணக்கில் மெனக்கெடுகிறவர்கள் மண்ணை ஒரே நிமிடத்தில் முடிவு செய்துவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

முதல் ஆண்டில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோப்பில் எழுத்துகள் எண்களாகத்தான் இருக்கும்: 1 முதல் 4 வரை, அப்புறம் ஏ/டி போன்ற இரட்டை வகைகளுக்கு (நிலத்தடி நீர் மேலாக நிற்கிற இடங்கள்) 11 முதல் 14 வரை. கட்டத்தின் அளவை மாற்றும்போது சராசரி எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். 4-க்கும் 14-க்கும் நடுவில் 9 வந்தது. அப்படி ஒரு வகையே கிடையாது. 1-க்கும் 4-க்கும் நடுவில் இல்லாத பி, சி மண் ஒரு பட்டையாக முளைத்தது. ஆற்றோரம் முழுக்க ஓட்டை விழுந்த பிறகுதான் கவனித்தேன். அருகிலுள்ள கட்டத்தின் மதிப்பை அப்படியே எடுக்கும் முறை மட்டுமே இதற்குச் சரி.

இந்த வரைபடத்தின் பெரிய குறை, எழுத்தை முக்கியமாக மணல், களி விகிதத்தை வைத்தே முடிவு செய்வது. வெப்பமண்டலத்தில் நெடுங்காலம் சிதைந்த சிவப்பு மண்ணில் களி நிறைய இருக்கும். ஆனால் இரும்பு ஆக்சைடு அதைச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கட்டி வைத்திருப்பதால், தண்ணீர் மணலில் இறங்குவது போல இறங்கும். வரைபடம் டி என்று காட்டிய அப்படி ஓர் இடத்தில், தண்ணீர் இறங்கும் வேகத்தை அளக்கும் இரட்டை வளையத்தை மண்ணில் அடித்துத் தண்ணீர் ஊற்றினேன். குறிப்பெடுத்து நிமிர்வதற்குள் உள்வளையம் காலி. மறுபடி ஊற்றினேன், மறுபடி காலி. வெடிக்கும் கரிய களிமண் வேறு மாதிரி: வெடிப்புகள் திறந்திருக்கும்போது முதல் மழையை விழுங்கிவிடும், ஊறி மூடிக்கொண்ட பிறகுதான் உண்மையான டி.

இத்தனைக்குப் பிறகும், ஒரு பெரிய நீர்ப்பிடிப்புப் பகுதியைத் தொடங்கும்போது நான் முதலில் திறப்பது இதைத்தான். எல்லை தாண்டினாலும் ஒரே அளவுகோல் என்பது சாதாரண உதவி இல்லை. சின்ன ஓடை, ஒற்றை வயல் என்றால் மண்வெட்டியோடு நேரில் போய்விடுகிறேன்.

ஏ/டி, பி/டி போன்ற இரட்டை எழுத்துகள் நிலத்தடி நீர் மேலாக நிற்கிற இடங்கள். வடிகால் வெட்டியிருந்தால் முதல் எழுத்து, இல்லையென்றால் டி. வடிகால் விவரம் கிடைக்காதபோது இரண்டுக்கும் கணக்கை ஓட்டி, இரண்டு விடைகளையும் அறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுகிறேன்.